கடன் கொடுத்தவரின் பெயர்

(திருவண்ணாமலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. இடையில் சொன்ன சில கிளைச் செய்திகள் குறைக்கப்பட்டுள்ளன.)



தம் தாயாரின் நினைவாக ஒருவர் வைத்த அறக்கட்டளை இது. தலைப்பை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்றார்கள். ‘தன் மகிழ்ச்சியும் பிறர்க்குரிய கடமையும்’ என்று எழுதி அனுப்பினேன். மெய்யியல் பாடம் நடத்தியே வயதானவனுக்கு இது பழகிய தலைப்பு. வகுப்பில் ஒரு தராசை வரைவேன். ஒரு தட்டில் என் மகிழ்ச்சி, இன்னொரு தட்டில் என் கடமை. எது கனக்கிறது என்று மாணவர்களைக் கேட்பேன். பாதிப் பேர் இந்தப் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம். மணி அடித்துவிடும்.

இந்த ஊரில் பேசும்போது அந்தத் தராசை ஊர் எல்லையிலேயே வைத்துவிட்டு வரவேண்டியிருக்கிறது. இது வீட்டை விட்டு வந்தவர்களின் ஊர். நேற்று மாலை கிரிவலப் பாதையில் நடந்தேன். பதினான்கு கிலோமீட்டரையும் முடிக்க இப்போது முழங்கால் இடம் கொடுப்பதில்லை, பாதியில் ஆட்டோ பிடித்தேன். நடந்த வரைக்கும் காவி கட்டியவர்களைப் பார்த்துக்கொண்டே போனேன். ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் யாரோ ஒருவர் இருக்கிறார், அல்லது இருந்தார். அந்த யாரோ ஒருவரைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன்.

நம் மொழியில் கடமையும் கடனும் ஒரே வேரில் பிறந்தவை. சங்கப் பாட்டில் கடன் என்றால் செய்தாக வேண்டியது. வங்கியில் கடன் என்றால் திருப்பித் தரவேண்டியது. காலைக்கடன் என்கிறோம், நீத்தார் கடன் என்கிறோம், கடன் பத்திரம் என்கிறோம். ஒரே சொல்தான். கடன் என்று ஒருவர் சொன்னால் நாம் உடனே கேட்பது என்ன? யாருக்கு? எவ்வளவு? எப்போது கொடுக்க வேண்டும்? தராசு இந்த மூன்றையும் கேட்பதில்லை. அது எடையை மட்டும் சொல்லும். என் மகிழ்ச்சியா கடமையா என்று பொதுவில் கேட்கும் கேள்வியே தப்பான இடத்தில் தொடங்குகிறது என்பது என் கருத்து. எனக்கு யார் கடன் கொடுத்தவர், அவர் பெயர் என்ன, அவர் எதை இழந்து கொடுத்தார் என்றுதான் தொடங்க வேண்டும். இதைச் சில எண்ணிட்ட பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. இரண்டு ரூபாய் மிச்சம்

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ரமணர் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 1896 ஆகஸ்ட் 29. மதுரை சொக்கப்ப நாயக்கன் தெருவில் சிற்றப்பா சுப்பையர் வீடு. தந்தை சுந்தரமையர் 1892-இல் இறந்துவிட்டார். அதோடு குடும்பம் இரண்டாகப் பிரிந்தது. மூத்த பிள்ளைகள் நாகசுவாமியும், பின்னாளில் ரமணரான வேங்கடராமனும் மதுரையில் படிக்கிறார்கள். தாய் அழகம்மாள் இளைய மகனையும் மகளையும் கூட்டிக்கொண்டு இன்னொரு மைத்துனர் நெல்லையப்பையரின் ஆதரவில் மானாமதுரையில் இருக்கிறார். அன்று வேங்கடராமனுக்குப் பதினாறு வயது. பள்ளிக்குப் போகவேண்டும் என்று சொல்லிக் கிளம்புகிறார். அப்படியே என் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவிடு என்று அண்ணன் ஐந்து ரூபாயை எடுத்துப் போகச் சொல்கிறார்.

அந்த ஐந்தில் மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டை வைத்துவிட்டு, ஒரு சீட்டும் எழுதி வைத்துவிட்டுப் புறப்பட்டார். அந்தச் சீட்டைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். ‘நான்’ என்று தொடங்கி ‘இது’ என்று மாறுவதையும், முடிவில் கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு இருப்பதையும் வியந்து விளக்குவார்கள். நான் நிற்பது சீட்டின் கடைசியில். அண்ணனின் கல்லூரிச் சம்பளம் கட்டப்படவில்லை, இரண்டு ரூபாய் இத்துடன் இருக்கிறது என்ற செய்தி அங்கே இருக்கிறது. தன்னைத் தேடுவதற்காகக் காசு செலவழிக்க வேண்டாம் என்றும் அதற்கு முன்னால் எழுதியிருக்கிறார்.

உலகத்தை விட்டுப் போகிறவர் எழுதிய கடைசி எழுத்து ஒரு கணக்கு. எவ்வளவு எடுத்தேன், எவ்வளவு வைத்தேன், யாருக்குச் சேரவேண்டியது. தன் பெயரையே போட மறந்தவர், அல்லது மறுத்தவர், அண்ணனின் பாக்கியை மறக்கவில்லை. கடன் கொடுத்தவரின் பெயர் அந்தச் சீட்டில் இருக்கிறது என்று நான் படிக்கிறேன். செப்டம்பர் 1 அன்று அண்ணாமலையார் கோயிலுக்குள் நுழைந்தவர் மீதிக் காசை அய்யங்குளத்தில் எறிந்துவிட்டார். அந்தக் காசு அவர் பங்கு. அண்ணன் பங்கு மதுரையிலேயே இருந்தது.

2. பவழக்குன்று

ஆனால் அழகம்மாள் கொடுத்த கடன் ஐந்து ரூபாயில் அடங்குவதா? சீட்டில் அவர் பெயர் இல்லை.

மகன் எங்கே இருக்கிறான் என்று ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தெரியவில்லை. தெரிந்த பிறகு 1898 டிசம்பரில் மூத்த மகன் நாகசுவாமியைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்தார். அப்போது வேங்கடராமன் பவழக்குன்றில் இருந்தார். பாறையில் படுத்துக் கிடந்தவர், சடையும் அழுக்கும் வளர்ந்த நகமுமாக இருந்தவர், தன் மகன்தான் என்று தாய் கண்டுகொண்டார். பல நாள் குன்றேறி வந்து பலகாரம் கொடுத்து, கெஞ்சி, அழுது பார்த்தார். மகன் வாய் திறக்கவில்லை. கூட இருந்த பச்சையப்ப பிள்ளை என்பவர் தாய்க்காக இரங்கி, பேசாவிட்டாலும் எழுதியாவது காட்டக்கூடாதா என்று காகிதத்தையும் பென்சிலையும் நீட்டினார். அவரவர் வினைக்கேற்ப நடக்கவேண்டியது நடந்தே தீரும், நடவாதது என் செய்தாலும் நடவாது, ஆகவே சும்மா இருப்பதே நல்லது என்ற பொருளில் சில வரி எழுதிக் காட்டினார். அழகம்மாள் ஊர் திரும்பினார். 1900-இல் நாகசுவாமியும் இறந்துபோனார்.

அன்பர்களே, இங்கே நாம் வேகமாகத் தாண்டிப் போகிறோம். எல்லா வரலாறுகளும் தாண்டிப் போகின்றன. அவர் மகரிஷி ஆகிவிட்டாரே, உலகமே தேடி வந்ததே, தாயின் கண்ணீர் அதில் கரைந்துவிடாதா என்கிறோம். இது பின்னாலிருந்து பார்க்கும் நியாயம். பெர்னார்டு வில்லியம்ஸ் என்ற ஆங்கில மெய்யியலாளர் 1976-இல் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஓவியர் கோகென், மனைவி மெத்தேயும் ஐந்து பிள்ளைகளும் கோபன்ஹேகனில் இருக்க, ஓவியத்தைத் தேடித் தன் வழியில் போனவர். 1891-இல் தாகித்தித் தீவுக்குக் கப்பலேறினார். பெரிய ஓவியர் ஆனார். ஆகாமல் போயிருந்தால்? கிளம்பும் நாளில் எது நடக்கும் என்று அவருக்குத் தெரியாது. வெற்றிதான் நியாயம் என்றால் அந்த நியாயம் அதிர்ஷ்டத்தின் கையில் இருக்கிறது என்று வில்லியம்ஸ் காட்டினார். நான் இன்னொன்றைக் கேட்கிறேன். ஓவியங்கள் நமக்குக் கிடைத்தன. மெத்தேக்கு என்ன கிடைத்தது? கடன் கொடுத்தவர் ஒருவர், வரவு வைத்துக்கொள்பவர்கள் வேறு யாரோ என்றால் அந்தக் கணக்கு தீர்ந்ததாக எந்த ஊர்ச் செட்டியாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

ரமணரை கோகெனோடு சேர்த்துப் பேசலாமா என்று முன்வரிசையில் ஒருவர் முகம் சுளிப்பது தெரிகிறது. அவர் மகிழ்ச்சியைத் தேடிப் போகவில்லை, தேர்ந்தெடுக்க ‘நான்’ என்ற ஒன்றே அங்கே இல்லை என்பீர்கள். மகன் பக்கமிருந்து பார்த்தால் அதை முழுமையாக ஏற்கிறேன். மானாமதுரையில் ஒரு தாய் இரவில் விழித்துக்கொண்டு படுத்திருந்தாரே, அவர் பக்கமிருந்து பார்த்தால் காரணம் ஞானமாக இருந்தாலும் வேறெதுவாக இருந்தாலும் வெறுமையாகக் கிடந்த பாய் ஒன்றுதான்.

துறவை உலகத்துக்கே கற்பித்த மரபுக்கும் இந்தச் சிக்கல் வந்தது. புத்தர் கபிலவஸ்துவுக்குத் திரும்பி வந்தபோது சின்னஞ்சிறு மகன் ராகுலனையும் சங்கத்தில் சேர்த்துக்கொண்டார்கள். அதைக் கேட்ட பாட்டனார் சுத்தோதனர் நொந்து போனார். மகன் போனான், இப்போது பேரனும் போனானே என்று முறையிட்டார். அதற்குப் பிறகுதான் தாய் தந்தையரின் இசைவில்லாமல் பிள்ளைகளுக்குத் துறவு கொடுக்கக்கூடாது என்ற விதி வந்தது. விநய நூலில் இருக்கிறது. ஒரு கிழவரின் துக்கம் ஒரு பெரிய சங்கத்தின் சட்டத்தையே திருத்தியிருக்கிறது. புத்தர் அந்தக் கிழவருக்கு வினைப்பயனை விளக்கிக்கொண்டிருக்கவில்லை. அவர் சொன்னதைக் கேட்டு விதியை மாற்றினார். எனக்கு இது மிகப் பெரிய செய்தி.

3. என் அக்கா

எனக்குத் தெரிந்த ஒரு கடனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லலாமா என்று அவரிடம் அனுமதி கேட்டேன். “மேடையில சொல்லிக்கோ, புஸ்தகத்துல என் பேரப் போடாத” என்றார். மேடையில் சொன்ன பெயரை இங்கே நீக்கியிருக்கிறேன்.

ஆரணிப் பக்கம் எங்கள் ஊர். தறி நெசவுக் குடும்பம். எனக்குச் சென்னையில் முதுகலை படிக்க இடம் கிடைத்த வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அக்காவுக்கும் அதே மாதத்தில் ஆசிரியர் பயிற்சிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. இரண்டு கடிதமும் சாமி படத்துக்குப் பின்னால் சில நாள் சேர்ந்தே இருந்தன. யார் இருப்பது என்று வீட்டில் யாரும் பேசவே இல்லை. ஒரு நாள் காலையில் அக்கா என் டிரங்குப் பெட்டியைத் துடைத்து வைத்துக்கொண்டே, “நீ போடா தம்பி, நான் பாத்துக்கிறேன்” என்றார். நான் போனேன்.

அப்பா பதினோரு ஆண்டு படுக்கையில் இருந்தார். பிறகு அம்மா. அக்கா தறியில் உட்கார்ந்து ஆரணிப் பட்டு நெய்துகொண்டே இருவரையும் பார்த்துக்கொண்டார். கல்யாணம் தள்ளிப் போய், பிறகு அந்தப் பேச்சே நின்றுவிட்டது. நான் அந்த ஆண்டுகளில் கடமையைப் பற்றி ஆராய்ச்சி செய்தேன். பட்டம் வாங்கினேன். இமானுவேல் கான்ட் 1785-இல் எழுதிய நூலை வரிவரியாகப் படித்துக் காட்டினேன். வகுப்பில் தராசு வரைந்தேன். என் தராசின் எந்தத் தட்டிலும் அக்கா இல்லை. என் மகிழ்ச்சி ஒரு பக்கம், என் கடமை ஒரு பக்கம். இரண்டு பக்கத்திலும் நான்தான் உட்கார்ந்திருந்தேன்.

சென்ற மாதம் அவரிடம் கேட்டேன். “உனக்கு அப்ப கோவமே வரலையா அக்கா?”

“வந்துது. யாருகிட்ட காட்டுறது? நீ லீவுக்கு வந்தா ரெண்டு நாள் இருப்ப. அந்த ரெண்டு நாள்ல உனக்குப் பிடிச்சதச் செஞ்சு போடுறதா, சண்டை போடுறதா?”

ஐம்பது ஆண்டுகள் கழித்து இதைக் கேட்டேன். ஐம்பது ஆண்டுகளாக அவர் மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். கடன் கொடுத்தவர் கேட்கவில்லை என்பதால் கடன் இல்லை என்று ஆகிவிடாது. இதை என் துறையின் நூல்கள் எனக்குச் சொல்லவில்லை. எழுதியவர்கள் பெரும்பாலும் வீட்டை விட்டுப் போனவர்கள்.

4. திருவூடல் தெரு

அக்கா சொன்னதைக் கேட்ட பிறகு உங்கள் ஊரின் ஒரு திருவிழா எனக்குப் புதிதாகத் தெரிந்தது. உங்களில் பலர் அந்தத் தெரு வழியாகவே இந்த மண்டபத்துக்கு வந்திருப்பீர்கள்.

தை இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கலன்று, திருவூடல் தெருவில் அண்ணாமலையாருக்கும் உண்ணாமுலை அம்மனுக்கும் ஊடல். பிருங்கி முனிவருக்குக் காட்சி கொடுக்கப் போகவேண்டும் என்கிறார் சுவாமி. என்னை விட்டுவிட்டு உங்களை மட்டுமே வலம் வருகிறவருக்காகவா என்று கோபித்துக்கொள்கிறார் அம்மன். சுந்தரர் தூது போகிறார், சமாதானம் ஆகவில்லை. அம்மன் கோயிலுக்குத் திரும்பிக் கதவைச் சாத்திக்கொள்கிறார். சுவாமி இரவு குமரக்கோயிலில் தங்கி, மறுநாள் தனியாக மலையைச் சுற்றிவந்து பிருங்கிக்குக் காட்சி கொடுக்கிறார். திரும்பி வந்த பிறகுதான் மறுவூடலும் சமாதானமும்.

அடியவருக்குச் செய்யவேண்டியதை அவர் செய்யத்தான் செய்கிறார். அம்மன் கோபித்தார் என்பதற்காக பிருங்கியைக் கைவிடவில்லை. அதே சமயம் அம்மனின் கோபத்தை யாரும் தவறென்று சொல்லவும் இல்லை. பொறுத்துப் போ தாயே, பெரிய காரியத்துக்காகப் போகிறார் என்று எந்தப் பட்டரும் உபதேசம் செய்வதில்லை. அந்தக் கோபத்துக்கு ஊர் ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறது. ஒரு தெருவுக்கே அதன் பெயரை வைத்திருக்கிறது. சுவாமி வெளியில் தங்க வேண்டியிருக்கிறது. வீட்டில் விடப்பட்டவர் கேட்கலாம், கோபிக்கலாம், கதவைச் சாத்தலாம், போனவர் வந்து அந்தக் கதவுக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று ஆண்டுதோறும் நடித்துக் காட்டுகிறார்கள். இதைவிட நல்ல அறநூலை நான் படித்ததில்லை. எங்கள் வீட்டில் அக்காவுக்கு அப்படி ஒரு நாள் கிடைக்கவில்லை. உங்கள் வீடுகளில் கிடைக்கிறதா என்று யோசியுங்கள்.

5. வேறு நாணயம்

பவழக்குன்றில் முடிந்துவிடாத கதைக்குத் திரும்புகிறேன்.

1914-இல் மகனைப் பார்க்க வந்த அழகம்மாள் விரூபாட்சி குகையில் தங்கியிருந்தபோது கடும் காய்ச்சலில் விழுந்தார். நாள்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டவர் மகன். தாயின் நோய் தீரவேண்டும் என்று அருணாசலத்தை வேண்டிப் பாட்டும் பாடினார். நடப்பது நடக்கும் என்று முன்பு எழுதிக் காட்டியவர், இப்போது தாய்க்காக வேண்டிக்கொண்டார். 1916-இல் அழகம்மாள் நிரந்தரமாகவே வந்துவிட்டார். நெல்லையப்பையர் இறந்துபோக ஊரில் ஆதரவு குறைந்திருந்த காலம் அது. மகன் இருந்த இடத்தில் தாய் அடுப்பு மூட்டினார். பிறகு இளைய மகன் நாகசுந்தரமும் வந்து சேர்ந்தார். பின்னாளில் நிரஞ்சனானந்த சுவாமி என்று ஆசிரம நிர்வாகத்தைப் பார்த்தவர் அவர்தான்.

1922 மே 19. மலைமேல் அவர்கள் இருந்த கந்தாசிரமத்தில் அழகம்மாளின் கடைசி நாள். ரமணர் ஒரு கையைத் தாயின் நெஞ்சிலும் ஒரு கையைத் தலையிலும் வைத்துக்கொண்டு அன்று முழுவதும் அருகிலேயே இருந்தார். இரவு எட்டு மணியளவில் உயிர் பிரிந்தது. மலையின் தென்புறத்தில் பாலிதீர்த்தக் கரையில் அடக்கம் செய்தார்கள். கந்தாசிரமத்திலிருந்து அடிக்கடி இறங்கி வந்துகொண்டிருந்த ரமணர், அந்த ஆண்டின் இறுதியில் அங்கேயே தங்கிவிட்டார். ஓலைக் கொட்டகையாகத் தொடங்கி இன்று நாம் பார்க்கும் ரமணாசிரமம் வளர்ந்தது அந்தச் சமாதியைச் சுற்றித்தான். 1949 மார்ச்சில் அந்தச் சமாதிமேல் எழுந்த மாத்ருபூதேசுவரர் ஆலயத்தின் குடமுழுக்கு நடந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரல் 14 அன்று அவரும் மறைந்தார்.

1896-இல் போனதை நியாயப்படுத்துவது பின்னால் வந்த புகழ் என்று நான் நினைக்கவில்லை. நியாயம் இருந்தால் அது 1914-க்கும் 1922-க்கும் இடையில் இருக்கிறது. தாய் மகனை மானாமதுரைக்கு அழைத்துப் போக விரும்பினார். அந்த நாணயத்தில் கடன் தீரவே இல்லை. மகன் தன் கையில் இருந்த வேறொரு நாணயத்தில், பதினெட்டு ஆண்டு தாமதமாக, தானே நேரில் இருந்து கொடுத்தார். காசு அனுப்பவில்லை, ஆள் வைக்கவில்லை. கையை வைத்தார். இந்தத் தாமதத்தைத் தாய் மன்னித்தாரா என்பது அவர்கள் இருவருக்கும் இடையில் உள்ளது. கூடவே இருக்க வந்துவிட்டார் என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

இதே ஊரில் இன்னொரு மகன் கடன். மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் கௌதம நதிக்கரையில் வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். வல்லாளன் வரலாற்று மனிதர்தான். மூன்றாம் வீர வல்லாளன், போசள மரபின் கடைசிப் பெரிய மன்னன், திருவண்ணாமலையில் இருந்து ஆண்டு, 1340-களின் தொடக்கத்தில் மதுரை சுல்தானோடு நடந்த போரில் முதிய வயதில் கொல்லப்பட்டவர். பிள்ளையில்லாத அரசனுக்கு இறைவனே பிள்ளையானார் என்பது புராணம். மகன் என்று ஒரு கணம் மடியில் கிடந்ததற்காகக் கடவுளே ஆண்டுக்கொரு முறை எள்ளும் நீரும் இறைக்கக் கிளம்புகிறார்.

ஆனால் அந்தப் புராணத்தில் என்னை உறுத்தும் இடம் ஒன்று உண்டு. அடியார் வேடத்தில் வந்தவர் பெண் வேண்டும் என்று கேட்க, கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அரசன் அனுப்பியது இளைய ராணியை. இல்லையென்று சொல்லாத வள்ளல் என்ற பெயர் அரசனுக்கு. அந்தப் பெயருக்கு விலை கொடுத்தவர் ராணி. இது அடுத்த பகுதிக்கு என்னைக் கொண்டுபோகிறது.

6. பொய்ப் பத்திரங்கள்

கடமை கடமை என்று நான் பேசுவதைக் கேட்டு மாணவியர் சிலர் மனதுக்குள் கோபப்பட்டிருப்பீர்கள். படிப்பை விடு, பிடித்த வேலையை விடு, விரும்பியவரை விடு, அப்பா அம்மாவுக்குச் செய்யவேண்டியது உன் கடமை என்று உங்களிடம் நீட்டப்படும் பத்திரங்களில் நானும் ஒரு சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேனா?

போடவில்லை. பெயர் கேளுங்கள் என்கிறேன். யாருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன், அவர் முகத்தைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். குடும்ப கௌரவத்துக்கு முகம் இல்லை. ‘நாலு பேர் என்ன சொல்வார்கள்’ என்பதில் அந்த நாலு பேருக்குப் பெயர் கிடையாது, அவர்கள் உங்களுக்கு ஒரு வேளைச் சோறு போட்டதும் கிடையாது. சாதி உங்களுக்கு எதையும் கடனாகக் கொடுக்கவில்லை. இவையெல்லாம் பொய்ப் பத்திரங்கள். படுக்கையில் இருக்கும் அப்பாவுக்குப் பெயர் உண்டு, தாகம் உண்டு. அந்தக் கடன் உண்மை. ஆனால் அது மகளுக்கு மட்டும் உரியதல்ல. நான்கு பிள்ளைகள் வாங்கிய கடனுக்கு ஒரு பெண்ணை மட்டும் ஜாமீனாக உட்கார வைப்பதற்குக் கடமை என்று பெயர் சூட்டக்கூடாது. என் அக்காவுக்கு நடந்தது அதுதான். உட்கார வைத்தவர்களில் நானும் ஒருவன்.

பார்த்துக்கொள்பவரின் மகிழ்ச்சியும் கணக்கில் வரவேண்டும். கடமையைப் பற்றி அவ்வளவு கடுமையாக எழுதிய கான்ட்கூட, தன் மகிழ்ச்சியைப் பேணிக்கொள்வது மறைமுகமாகவாவது ஒரு கடமை என்றார். துன்பத்திலேயே உழல்கிறவர் கடமையிலிருந்து வழுவும் சோதனைக்கு ஆளாவார் என்பது அவர் காரணம். மாதக்கணக்கில் தூங்காமல் நோயாளியைப் புரட்டிப் போட்டவர்களுக்கு இது நூலறிவு இல்லாமலே தெரியும். இரவில் கை கொஞ்சம் முரட்டுத்தனமாகப் பட்டுவிடும், பிறகு விடிய விடிய அழுகை வரும்.

7. சட்டம் எண்ணக்கூடியது

2007-இல் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் வந்தது. கவனிக்காத பிள்ளைகள் மீது வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தரலாம் என்று சட்டம் வரம்பு வைத்தது. பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாதபோது திரும்பப் பெறவும் வழி உண்டு. கைவிட்டவருக்கு மூன்று மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்கலாம்.

வேண்டிய சட்டம்தான். மனுவில் பெயர் இருக்கிறது, கொடுக்கவேண்டிய தொகை இருக்கிறது, கெடு இருக்கிறது. நான் சொன்ன மூன்று கேள்விக்கும் அது பதில் வைத்திருக்கிறது. இருந்தும் பெற்ற பிள்ளைமேல் மனு எழுத எத்தனை தாய்க்குக் கை வரும்? ரூபாயை எண்ணலாம், அருகில் உட்கார்ந்த நேரத்தைக் கோட்டாட்சியர் எண்ண முடியாது. வீட்டில் இருந்தே பார்த்துக்கொண்ட பிள்ளைக்கு, வெளியூரில் இருக்கும் உடன்பிறந்தவர்கள் என்ன தரவேண்டும் என்று அந்தச் சட்டம் ஒன்றும் சொல்லவில்லை.

8. ஈச்சம்மாள்

கடைசியாக ஒருவர். மண்டகொளத்தூர்க்காரர். கணவரையும் பிள்ளைகளையும் அடுத்தடுத்து இழந்து, துக்கம் தாளாமல் இந்த மலைக்கு வந்தவர். ரமண பக்தர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஈச்சம்மாள். யாருக்கும் அவர் கடன்படவில்லை, கடன் கொடுத்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அவர் தினமும் சோறாக்கி ரமணருக்கு எடுத்துப் போனார். சாகும் வரையில், பல பத்தாண்டுகள். அதை நிறுத்தச் சொல்லியிருந்தால்தான் அவருக்கு வேதனையாக இருந்திருக்கும். அவரிடம் போய் இது மகிழ்ச்சியா கடமையா என்று என் தராசை நீட்டியிருந்தால் ஒதுங்கி நில் அப்பா, சோறு ஆறிப்போகிறது என்றிருப்பார் என்று நினைக்கிறேன்.

வள்ளுவர் இல்லறத்தை இருபது அதிகாரங்களில் சொன்ன பிறகே துறவறத்துக்குப் பதின்மூன்று அதிகாரம் தந்தார். அந்த வரிசைக்கு உரையாசிரியர்கள் பல காரணம் சொல்வார்கள். எனக்கு ஈச்சம்மாளின் தூக்குப் பாத்திரம் நினைவுக்கு வருகிறது. மலைமேல் உட்கார்ந்தவர் சாப்பிட, கீழே ஒருவர் அடுப்பு மூட்ட வேண்டியிருந்தது.

அறக்கட்டளைக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள் வைத்து அமர்கிறேன். இந்த மேடைக்கு இதுவரை வந்தவர்கள் எல்லோரும் என்னைப் போல வெளியே போய்ப் படித்தவர்கள். தாயின் பெயரில் உள்ள அறக்கட்டளை இது. அடுத்த ஆண்டு, வீட்டிலேயே இருந்து ஒருவரைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்ட ஒரு பெண்ணை இங்கே பேச அழையுங்கள். எனக்குப் பேச வராது என்பார். கட்டுரை கேட்காதீர்கள், எதிரில் ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும், அவர் பதில் சொல்லட்டும். கோபமாகப் பேசினால் குறுக்கிடாதீர்கள். எனக்கு இன்று தருவதாகச் சொன்ன சன்மானத்தை அவருடைய பயணச் செலவுக்கும், அன்று ஒரு நாள் அவர் வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ள வைக்கும் ஆளின் கூலிக்கும் ஒதுக்கி வைத்துக்கொள்ளுங்கள். நான் அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து கீழே உட்கார்ந்து கேட்கிறேன்.